சென்னையில் வார்த்த 650, பூன் லே சாலையில்

சிசிக்கும் காசுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் நாட்டில், மலிவாகக் கிடைக்கும் ஒரு பெரிய எஞ்சினிலிருந்து இன்னும் எவ்வளவு பலம் எடுக்கலாம்? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

சிங்கப்பூரின் பூன் லேயில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கார்நிறுத்தங்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தே அவற்றை ஓட்டுபவர்களின் உரிமம் எந்த வகை என்று சொல்லிவிடலாம். 200 சிசி வரை ஓட்ட 2பி. ஓராண்டு கழித்து அடுத்த தேர்வில் தேறினால் 400 சிசி வரை 2ஏ. அதற்கும் ஓராண்டு கழித்து வகை 2. அதன்பிறகு கொள்ளளவுக்கு வரம்பில்லை. சட்டத்தின் இந்தப் படிக்கட்டு எஞ்சின்களின் அளவிலேயே பதிந்திருக்கிறது. 2பி கூட்டத்தில் அடிக்கடி கண்ணில் படும் பஜாஜ் பல்சர் 200 என்எஸ் வண்டியின் கொள்ளளவு 199.5 சிசி. சிங்கப்பூர் ஓட்டுநர்கள் ஒரு தலைமுறையாகக் கொண்டாடும் ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர், 399 சிசி. மூன்றாவது படியில் பிஎம்டபிள்யூ, டுகாட்டி போன்ற விலையுயர்ந்தவை ஒருபுறம் நிற்க, அண்மை ஆண்டுகளில் இன்னொரு வண்டி சேர்ந்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650. அதன் தம்பி கான்டினென்டல் ஜிடி 650. சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகி வரும் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்.

இந்த ஊரில் "மலிவான பெரிய எஞ்சின்" என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதற்குக் காரணம் வரிக் கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழில் 150 சிசிக்கும் 1,200 சிசிக்கும் வேறுபாடு கிடையாது. எல்லாம் ஒரே டி பிரிவு, ஒரே ஏலம். கடந்த சில ஆண்டுகளில் அந்தச் சான்றிதழ் பலமுறை 10,000 வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. பத்தாண்டுக்கு அவ்வளவு கொட்டிய பிறகு அதன்மேல் சின்ன வண்டியை ஏற்றினால் என்ன, பெரியதை ஏற்றினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வரும். ஆனால் 2017 முதல் மோட்டார் சைக்கிளுக்கான கூடுதல் பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. வண்டியின் சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50, அதற்குமேல் 100. அதாவது சிசி பெரிதாக இருப்பதில் தண்டனை இல்லை, அடக்க விலை பெரிதாக இருப்பதில்தான் இருக்கிறது. கொள்ளளவு அதிகமாகவும் அடக்கம் குறைவாகவும் உள்ள எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று தேடினால் கை சென்னையை அடுத்த ஒரகடத்துப் பக்கம்தான் நீளும்.

வாங்கி ஆறு மாதம் ஓட்டியதும் கேள்வி கிளம்பும். "அண்ணே, இதுல இன்னும் கொஞ்சம் பவர் எடுக்க முடியுமா?" சூன் லீ தெருப் பக்கத்துத் தொழிற்கூடக் கட்டடங்களிலும், ஜூரோங் முழுக்கச் சிதறிக்கிடக்கும் பட்டறைகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத மெக்கானிக் இருக்க மாட்டார். இருக்கிறது, எடுக்கலாம். ஆனால் பலரும் பணம் போடும் வரிசை தலைகீழாக இருக்கிறது. சத்தத்தில் தொடங்கி, கொள்ளளவில் முடித்து, நடுவில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அந்த வரிசையைச் சரிசெய்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கப் பெருவயிறு

கொள்ளளவு பெரிதாக இருந்தும் பலம் சிறுத்துப்போன எஞ்சின்களின் கதை அமெரிக்காவில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. செவர்லே நிறுவனம் 1965-இல் "பிக் பிளாக்" குடும்பத்தில் 396 கன அங்குல எஞ்சினைக் கொண்டுவந்தது. 1970-இல் அது 454 கன அங்குலமாக வளர்ந்தது. நம் கணக்கில் 7.4 லிட்டர். அந்த ஆண்டின் செவெல் காரில் வந்த எல்எஸ்6 வகைக்கு 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். அமுக்க விகிதம் 11.25. நான்கே ஆண்டுகளில் அதே செவெலில், அதே 454-க்குச் சொல்லப்பட்ட எண் 235.

சரிவின் ஒரு பகுதி அளவுகோல் மாறியதால் வந்தது. 1972 முதல் ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்து சொல்லத் தொடங்கினார்கள். மிச்சம் உண்மையான இழப்பு. ஈயமற்ற பெட்ரோலுக்காக அமுக்க விகிதம் எட்டு சொச்சத்துக்கு இறங்கியது. மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் பற்றவைப்பு நேரம் தள்ளிவைக்கப்பட்டது. பிற்காலத்தில் சுமை வண்டிகளுக்கு வந்த 454-களில் காற்றுப் பாதை மிகக் குறுகலான சிலிண்டர் ஹெட்டுகள் வந்தன. அங்குள்ள மெக்கானிக்குகள் அவற்றை வேர்க்கடலைத் துளை என்றே அழைக்கிறார்கள். பானை பெரிது, வாய் குறுகல்.

பழைய லாரியிலிருந்து கழற்றிய அந்த எஞ்சின் சல்லிசாகக் கிடைத்ததால் கையில் காசில்லாத அமெரிக்க இளைஞர்கள் அதைத்தான் எடுத்தார்கள். அவர்கள் கண்டுகொண்ட வழி இன்றும் செல்லும். பிளாக்கைத் தொட வேண்டாம். அதன் கொள்ளளவு ஏற்கெனவே தேவைக்கு மேல். காற்றுப் பாதை நன்றாக உள்ள ஹெட், அதற்கு ஒத்த கேம்ஷாஃப்ட், இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்த எடுக்க வேண்டும். பொருந்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். பந்தயக் கேம்ஷாஃப்டை வாங்கி மாட்டிவிட்டு மற்ற மூன்றையும் பழையபடி விட்டவர்களின் வண்டி, வாங்கியபோது இருந்ததைவிட மந்தமாக ஓடியது. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் மேல் சுற்றுகளில் பலம் கொடுக்கும். கீழ்ச்சுற்றுகளில் உள்ளே வந்த காற்றைத் திருப்பி வெளியே தள்ளிவிடும். சிக்னலிலிருந்து கிளம்பும் தெரு வண்டி வாழ்வது கீழ்ச்சுற்றுகளில்தான்.

சிங்கப்பூரில் அந்த 454-க்கு இடமில்லை. பெட்ரோல் கார்களுக்கான இன்றைய சாலை வரிச் சூத்திரத்தில் 7,440 சிசியைப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 9,300 வெள்ளி வருகிறது. 1,600 சிசி காருக்கு அது 743 வெள்ளி. காரின் பத்தாவது வயதைத் தாண்டினால் அதன்மேல் கூடுதல் வரியும் உண்டு. கார் உலகில் சிசியே பணம். அதனால்தான் பெரிய எஞ்சின் ஆசை இங்கே இரண்டு சக்கரத்துக்கு இறங்கிவிட்டது.

காற்றுக் கணக்கு

இன்டர்செப்டரையும் சூப்பர் ஃபோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 648 சிசி கொண்டது 47 குதிரைத்திறன் தருகிறது. 399 சிசி கொண்டது 53 தருகிறது. முதன்முதலில் இந்த எண்களைக் கேட்கும் தமிழ்நாட்டுக்காரர் நம்ப மாட்டார். புல்லட் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு சிசிதான் கெத்து.

விளக்கம் எளிது. நான்கு அடி எஞ்சின் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. இன்டர்செப்டரின் உச்சபலம் வருவது ஏறத்தாழ 7,250 சுற்றில். அந்த வேகத்தில் அது நிமிடத்துக்கு இழுக்கக்கூடிய காற்று சுமார் 2,350 லிட்டர். சூப்பர் ஃபோர் தன் உச்சபலத்தை 10,500 சுற்றில் தருகிறது. அப்போது அதன் பங்கு சுமார் 2,100 லிட்டர். சிறிய எஞ்சின் வேகமாகச் சுற்றிப் பெரிய எஞ்சினின் காற்றை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிடுகிறது. பிறகு, பிடித்த காற்றை நன்றாகப் பயன்படுத்துகிறது. 55 மில்லிமீட்டர் விட்டமும் 42 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நான்கு சின்னச் சிலிண்டர்கள், 11-ஐத் தாண்டும் அமுக்க விகிதம். 1999 முதல் வந்த ஹைப்பர் விடெக் அமைப்பு கீழ்ச்சுற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளையும், சுமார் 6,500 சுற்றைத் தாண்டினால் நான்கு வால்வுகளையும் திறக்கிறது. அந்த இடத்தில் சத்தம் மாறுவதைக் கேட்கவே தீவு விரைவுச்சாலையில் கியரைக் குறைத்து முறுக்குபவர்கள் உண்டு. 2022-இல் ஹோண்டா அதன் உற்பத்தியை நிறுத்தியது பெரிய இழப்பு.

சென்னை எஞ்சின் வேறு நோக்கத்துக்குப் பிறந்தது. 78 மில்லிமீட்டர் விட்டம், 67.8 ஓட்டம், 9.5 அமுக்க விகிதம், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே ஒரே கேம்ஷாஃப்ட், 270 பாகைக் கிராங்க். இதன் முறுக்குவிசை 52 நியூட்டன் மீட்டர், 5,250 சுற்றில். அதில் 80 விழுக்காடு 2,500 சுற்றிலேயே கிடைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வரம்புள்ள நாட்டில், ஆறாவது கியரில் 4,000 சுற்றுக்குள் அந்த வேகம் வந்துவிடுகிறது. துவாஸ் ஷிஃப்டுக்கு விடியற்காலையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவருக்குத் தேவைப்படும் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 10,500 சுற்றில் வருவது அவருக்குப் பயன்படாது.

இதிலிருந்தே எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது. உச்சத்தில் ஐந்து குதிரையைக் கூட்டுவதற்காக 3,000 சுற்றின் முறுக்கை இழந்தால், இந்த எஞ்சினின் உயிரையே எடுத்த மாதிரி.

காசில்லாமல் வரும் பலம்

முதலில் வண்டி தன் சொந்தப் பலத்தைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டு ஓடிய வண்டியில் வால்வு இடைவெளி தளர்ந்திருக்கும் அல்லது இறுகியிருக்கும். இன்டர்செப்டரில் டேப்பெட்டைத் திருகி வைத்துப் பூட்டும் பழைய முறைதான். கைப்பழக்கமுள்ள மெக்கானிக்குக்கு அது பெரிய வேலையே இல்லை. அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், காய்ந்துபோன செயின், காற்றிறங்கிய டயர் இவை ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தின்னும். இவற்றைப் பார்க்காமல் எக்ஸாஸ்ட் மாற்றியவர் புதிதாக வந்த பலம் என்று நம்புவது பல நேரம் சத்தத்தைத்தான்.

பெட்ரோல் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 98 ஊற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. ஆக்டேன் எண் பெட்ரோலில் உள்ள ஆற்றலைச் சொல்வதில்லை. அமுக்கத்தில் தானாக வெடித்துவிடாமல் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. அமுக்க விகிதம் 9.5 உள்ள எஞ்சினுக்கு 95 தாராளம். விலை கூடிய 98-ஐ ஊற்றினாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் இறுக்கம் அந்த எஞ்சினில் இல்லை. வாரா வாரம் மிச்சமாகும் அந்த வெள்ளியை நல்ல எஞ்சின் ஆயிலில் போடலாம். காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின் இது, நம் வெயிலில் ஆயில்தான் அதன் உயிர்.

வெயில் பலத்தையே குறைக்கிறது. 15 பாகைக் காற்றைவிட 32 பாகைக் காற்று ஏறக்குறைய 5.5 விழுக்காடு மெலிது; அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. நம் ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் பறிக்கிறது. ஐரோப்பாவின் குளிரில் எடுத்த எண்ணைப் பார்த்து வாங்கிய எந்த எஞ்சினும் பூன் லேயில் அந்த எண்ணைக் காட்டாது. எஞ்சின் சூட்டில் 50 பாகைக்குக் கொதித்த காற்றை உள்ளே இழுத்தால் இன்னொரு 5.5 விழுக்காடு போய்விடும். ஏர் பாக்ஸைக் கழற்றி வீசிவிட்டுக் கூம்பு ஃபில்டர்களை எஞ்சினை ஒட்டி மாட்டுகிறவர்கள் செய்வது இதைத்தான். பார்க்க அழகாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தன் சூட்டையே குடிக்கும்.

அடுத்து ஸ்பிராக்கெட். முன்பக்கத்தில் 15 பல் இருக்கிறது. 14 பல் போட்டால் எல்லாக் கியரிலும் பின்சக்கர உந்துவிசை சுமார் 7 விழுக்காடு கூடும். இவ்வளவு குறைந்த செலவில் இப்படியொரு மாற்றம் வேறு எதிலும் கிடைக்காது. விரைவுச்சாலையில் எஞ்சின் அதே அளவு வேகமாகச் சுற்றும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இந்த எஞ்சினிடம் முறுக்கு ஏற்கெனவே தாராளம் என்பதால், எதிர்த்திசையில் 16 பல் போட்டுச் சுற்றைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. மலேசியாவுக்கு அடிக்கடி போகிறவருக்கு 16, நகருக்குள்ளேயே உழல்பவருக்கு 14 என்பது என் அபிப்பிராயம்.

காசு கொடுத்து வாங்கும் மூச்சு

இதற்குப் பிறகுதான் ஏர் பாக்ஸ், எக்ஸாஸ்ட், எரிபொருள் அளவு. இந்த மூன்றும் ஒரே வேலை. காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும். மாசு விதிக்காகத் தொழிற்சாலையில் சிக்கனமாக வைக்கப்பட்ட கலவையில் காற்றை மட்டும் கூட்டினால், கலவை இன்னும் வறண்டு எஞ்சின் சூடாகும், திராட்டில் திறக்கும்போது தடுக்கும். ஆகவே கலவையைச் சரிபார்க்க டைனமோமீட்டரும் ஆக்சிஜன் அளவியும் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். காதால் கேட்டு கார்புரேட்டர் திருகிய காலம் வேறு. அந்தக் கலைஞர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு, ஆனால் எரிபொருள் பீய்ச்சும் கணினியைக் காதால் திருத்த முடியாது.

இங்கே சட்டம் நடுவில் வருகிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, எந்நிலையிலும் கூடாதவை. எஞ்சினையோ எக்ஸாஸ்டையோ தொடும் வேலைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில் விழும். நைட்ரஸ் ஆக்சைடு மூன்றாம் வகை. மூன்று வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடையே இருப்பதை நான் அறிவேன். அது வெறும் ஏய்ப்பு மட்டும் ஆகாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது வண்டி பதிவில் உள்ளபடி இருந்ததா என்பதைத்தான். இரவு ஷிஃப்ட் முடித்துப் பன்னிரண்டாம் மாடியில் தூங்குகிறவரின் காதும் இந்தக் கணக்கில் உண்டு. சத்தம் கூடுவதால் பலம் கூடுவதில்லை. நன்றாக வடிவமைத்த, சான்று பெற்ற எக்ஸாஸ்ட் அடக்கமான சத்தத்திலேயே காற்றை வெளியேற்றும். அதைவிடப் பெரிய ஆதாயம் எடை. இன்டர்செப்டர் 200 கிலோவைத் தாண்டும் வண்டி, அதன் இரண்டு சைலன்சர்களும் கனமானவை. பத்துக் கிலோவைக் கழற்றினால் அது எல்லாச் சுற்றிலும், எல்லாக் கியரிலும், பிரேக் பிடிக்கும்போதும்கூட உதவும்.

ஜோகூரின் 62 பிளாக்

பாலத்துக்கு அந்தப் பக்கம் "பிளாக்" என்ற சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது. துவாஸ் இரண்டாம் பாலம் 1998 ஜனவரியில் திறந்த நாள் முதல் ஜூரோங் ஆலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் மலேசியர்களின் பெருங்கூட்டத்தில் தமிழர்களும் நிறைய. அவர்களில் பலரின் வண்டி யமாஹா எல்சி135 அல்லது ஒய்15இசட்ஆர். ஜோகூர்ப் பட்டறைகளில் மலிவில் பலம் கூட்டும் வழி, சிலிண்டரையே அகலமானதாக மாற்றுவது. 62 பிளாக் என்றால் 62 மில்லிமீட்டர் துளை.

ஒய்15-இன் சொந்தத் துளை 57 மில்லிமீட்டர், ஓட்டம் 58.7, அதாவது 150 சிசி. 62 பிளாக் போட்டால் 177. 65 போட்டால் 195. 66-ஐ எட்டியதும் 200-ஐத் தாண்டிவிடும். இந்த இடத்தில் கணக்கு பயங்கரமாக மாறுகிறது. 2பி உரிமம் வைத்திருக்கும் இருபது வயதுப் பையன் அந்த ஒரு மில்லிமீட்டரில் உரிமமில்லாத ஓட்டுநர் ஆகிறான், காப்பீடும் கேள்விக்குறி ஆகிறது. 62-இலேயே கூட, பதிவில் 150 என்றிருக்கும் வண்டி அந்த எண்ணுக்கு உண்மையாக இல்லை. எஞ்சினுக்கும் அது நல்லதில்லை. துளை அகல அகல சிலிண்டர்ச் சுவர் மெலியும். சூடு போக வழி குறையும். 150-க்காக அளந்த கிராங்கும் பேரிங்கும் புதிய அடியைத் தாங்க வேண்டும். பழைய ஹெட்டின் வால்வுகள் அதே சின்ன வால்வுகள்தான். 7.4 லிட்டர் செவர்லேவின் கதையே இங்கே 177 சிசியில் நடக்கிறது.

நான் இதைக் கண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. நீண்ட பயணம், குறைந்த சம்பளம், சின்ன வண்டி. கொஞ்சம் சுலபமாக ஏற வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்தப் பையன்களிடம் யாராவது உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்பதே என் கவலை. ஸ்பிராக்கெட், டேப்பெட், செயின், டயர் ஆகியவற்றிலேயே அவர்கள் தேடுவதில் பாதி கிடைத்துவிடும்.

இதற்கு முன்னால் மலிவான வேகம் என்றால் இரண்டு அடி எஞ்சின். இங்கே ஹோண்டா என்எஸ்ஆர்150, தமிழ்நாட்டில் யமாஹா ஆர்எக்ஸ்100. எக்ஸாஸ்டின் வடிவத்தை மாற்றியும் சிலிண்டரின் துளைகளை அரத்தால் இழைத்தும் பலம் எடுத்த தலைமுறை அது. சிங்கப்பூரில் அந்தக் காலம் முடியப்போகிறது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பின் சாலையில் ஓட முடியாது. நகரக் காற்றுக்கு அது தேவையான முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எஞ்சின்களைக் கையால் படித்தவர்களின் அறிவு அதோடு போய்விடக் கூடாது.

சோழவரம், கோவை

குறைந்த எஞ்சினில் நிறைய எடுக்கும் கலையில் தமிழர்கள் புதியவர்கள் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அதன் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடந்தன. இறக்குமதிக்கு வழியில்லாத காலம் அது. கையில் இருந்த அம்பாசிடரையும் பத்மினியையும் புல்லட்டையும் கழற்றி, இழைத்து, எடை குறைத்து ஓட்டினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது.

அந்த மரபின் உச்சமாக நான் கருதுவது கோவையின் எஸ். கரிவரதனை. மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கினார். நாட்டில் எல்லா ஊரிலும் கிடைக்கும் எஞ்சின், எல்லா ஊரிலும் கிடைக்கும் உதிரிபாகம். பெரிய எஞ்சினுக்குக் காத்திராமல், கிடைத்த எஞ்சினைச் சுற்றி இலேசான காரைக் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே தடத்தில் 2021 முதல் ஓடுவது நம் 650. ராயல் என்ஃபீல்டு நடத்தும் கான்டினென்டல் ஜிடி கோப்பையில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான வண்டி. கொள்ளளவைத் தொடவில்லை. தெருவில் மட்டும் தேவைப்படும் பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள், எக்ஸாஸ்டை மாற்றினார்கள், சஸ்பென்ஷனையும் டயரையும் பந்தயத்துக்கு ஏற்றவையாக்கினார்கள். நிறுவனமே தன் எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார்படுத்தியபோது தேர்ந்தெடுத்த வரிசை இது. பூன் லேயில் உள்ளவருக்கு இதைவிட நம்பகமான வழிகாட்டி தேவையில்லை.

ஓட்ட இடம்

எடுத்த பலத்தை எங்கே செலவழிப்பது? சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத்தடம் இல்லை. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது. பொதுச் சாலையை மூடி ஓட்டினார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன, நிறுத்தப்பட்டது. சாங்கியில் நிரந்தரத் தடம் கட்டும் திட்டமும் கைவிடப்பட்டது. 2008 முதல் மரினா பேயில் நடக்கும் இரவுப் பந்தயம் உலகத்துக்கான காட்சி, நமக்கான தடம் இல்லை. இந்த வெற்றிடத்தை லிம் சூ காங் சாலையின் நேர்க்கோட்டில் நள்ளிரவில் நிரப்பியவர்கள் உண்டு. வண்டியையே பறிமுதல் செய்யும் அளவுக்குச் சட்டம் கடுமையாக இருப்பது சரிதான். கூடவே, பாதுகாப்பான ஒரு சின்னத் தடத்தையாவது இந்தத் தீவு தன் இளைஞர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போதைக்கு வழி மலேசியாவின் செப்பாங். 1999-இல் திறந்த அந்தத் தடம் பூன் லேயிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பொதுமக்களின் வண்டிகளை ஓட விடும் நாள்கள் உண்டு. 650-இல் அங்கே போகிறவர் முதல் வளைவிலேயே தெரிந்துகொள்வார், பற்றாதது குதிரைத்திறன் இல்லை என்று. முதலில் மங்குவது பிரேக். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் நாலாவது சுற்றில் லீவர் மெத்தென்று ஆகிவிடும். அடுத்தது டயரின் பிடி. அதற்கடுத்தது பின்பக்க ஷாக். ஆகவே கையில் 1,500 வெள்ளி இருக்கிறது, எதில் போடலாம் என்று கேட்பவருக்கு என் பதில்: நல்ல டயர் ஒரு ஜோடி, புதிய பிரேக் ஆயிலும் பேடும், டேப்பெட் சரிபார்த்த முழுச் சர்வீஸ், 14 அல்லது 16 பல் ஸ்பிராக்கெட். மிச்சமிருந்தால் எடுத்து வைத்து, சான்று பெற்ற எக்ஸாஸ்டுக்குச் சேர்க்கலாம். அது வந்த பிறகு டைனமோமீட்டரில் ஒருமுறை கலவையைச் சரிபார்க்க வேண்டும். கொள்ளளவைக் கூட்டும் பிஸ்டன், பந்தயக் கேம் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலின் கடைசியில்கூட நான் வைக்கவில்லை. வகை 2 உரிமம் கொள்ளளவுக்கு வரம்பு போடாவிட்டாலும், பதிவு அட்டையில் 648 என்று எழுதியிருக்கிறது, அந்த 648-இன் முழுப் பலத்தையும் இன்னும் எடுத்து முடிக்கவில்லை.